பெட்டி மாட்டும் முன் யாராவது சொல்லியிருக்கலாம்

எங்கள் வீட்டுப் பரண் மேல், கூண்டுப் பறவை முட்டையிட்டு அடைகாப்பதற்கான ஒரு மரப்பெட்டி இருக்கிறது. நீள அகலம் உயரம் எல்லாம் ஒரு அடி, முன்பக்கம் மூன்று அங்குலத்தில் வட்டமான துளை. 450 ரூபாய்க்கு வாங்கியது. 2022 செப்டம்பர் கடைசியில் அதைக் கூண்டில் மாட்டினேன். அந்த டிசம்பர் முடிவதற்குள் ஒரு தாய்ப் பறவையும் ஒரு குஞ்சும் செத்துப்போயின. இன்னொரு குஞ்சுக்குக் கால் விரிந்துபோனது, இனி சரியாகாது. கையிலிருந்து 24,900 ரூபாய் போயிருந்தது. காக்கட்டீல் என்ற கூண்டுக்கிளியை ஜோடியாக வாங்கி "குஞ்சு பொரிக்க வைக்கலாமா?" என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதை முழுவதும் படித்துவிட்டு முடிவெடுங்கள். எனக்கு அப்போது சொல்ல யாருமில்லை.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் மகளோடு இருக்கிறேன். பள்ளி ஆசிரியை. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். எட்டாம் வகுப்பு படித்த மகள் முதலில் கேட்டது பச்சைக்கிளி. நம் ஊர்க் கிளியை வீட்டில் அடைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று சொல்லிப் புரியவைத்தேன். அப்புறம்தான் காக்கட்டீல் பக்கம் வந்தோம். கடைகளில் பெரும்பாலும் "காக்டெயில்" என்றுதான் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் பறவை, கொண்டை வைத்த காக்கட்டூ குடும்பத்தைச் சேர்ந்தது, அந்தக் குடும்பத்திலேயே மிகச் சிறியது. அந்த நாடு 1960இலேயே தன் பறவைகளை ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டதால், இங்கே விற்பவை எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தவை. சன் கன்யூர், ஆப்பிரிக்கக் கிரே போன்ற வெளிநாட்டுக் கிளிகள், அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் வருவதால் இப்போது அவற்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். காக்கட்டீல் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் சட்டச் சிக்கல் இல்லை என்ற நிம்மதியோடு வாங்கினேன். சட்டம் தடுக்காததாலேயே இது சுலபமான பறவை என்று நினைத்துக்கொண்டது என் தவறு.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோடியை வாங்கினோம். 4,500 ரூபாய். ஆண் சாம்பல் நிறம், மஞ்சள் முகம், கன்னத்தில் செங்கல் நிறப் பொட்டு. பெண் லுட்டினோ, பால் வெள்ளையில் லேசான மஞ்சள், சிவந்த கண். மகள் ஆணுக்கு மேகம் என்றும் பெண்ணுக்கு மல்லி என்றும் பெயர் வைத்தாள். விற்றவர், "பிரீடிங் ஜோடிக்கா, ரெண்டுக்கும் ஒன்றரை வயசு. பெட்டி மாட்டுங்க, பத்தே நாள்ல முட்டை" என்றார். நம்பினேன். இரண்டின் காலிலும் வளையம் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. குஞ்சு பத்து நாள் அளவில் இருக்கும்போது மூடிய வளையம் போட்டு, அதில் பிறந்த வருடத்தைப் பொறித்திருப்பார்கள். வளர்ந்த பறவையின் வயதைத் தெரிந்துகொள்ள அதைவிட நம்பகமான வழி இல்லை. மல்லியோடு ஒரே பெட்டியில் பிறந்த இன்னொரு பறவையை வாங்கியவரை, எல்லாம் முடிந்தபிறகு தற்செயலாகச் சந்தித்தேன். அவர் குஞ்சாக வாங்கிய மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டால், என்னிடம் வந்தபோது மல்லிக்கு எட்டு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. காக்கட்டீல் ஒன்பது, பத்து மாதத்திலேயே முட்டையிடும். ஆனால் உடம்பு அதைத் தாங்கும் அளவுக்கு முற்ற ஒன்றரை வயதாவது ஆகவேண்டும். நான் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் கல்யாணம் செய்துவைத்திருக்கிறேன்.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். லுட்டினோவுக்குக் கொண்டைக்குப் பின்னால் உச்சந்தலையில் சிறகு இல்லாத வழுக்கை பெரிதாக இருந்தால், நெருங்கிய உறவுப் பறவைகளையே சேர்த்துச் சேர்த்துப் பொரிக்க வைத்திருக்க வாய்ப்பு அதிகம். மல்லிக்கு ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வழுக்கை இருந்தது. "இந்த நிறத்துக்கே அப்படித்தான்" என்றார்கள். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. மீதிப் பாதியை நான் விசாரிக்கவில்லை.

தீனி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் டிசம்பரில் நடந்ததற்கு விதை ஆகஸ்டிலேயே விழுந்துவிட்டது. கடையில் கட்டிக்கொடுத்த கலவையில் தினை, கம்பு, கானரி விதை, நிறையச் சூரியகாந்தி விதை. மல்லி சூரியகாந்தியை மட்டும் பொறுக்கித் தின்னும். ஆசையாகத் தின்கிறதே என்று இன்னும் கொஞ்சம் போடுவேன். சூரியகாந்தியில் கொழுப்பு அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, ஏ வைட்டமின் கிட்டத்தட்டக் கிடையாது. கூண்டை ஹாலில் கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். காலை வெயில் நன்றாக விழும். கண்ணாடி வழியாகச் சூடு வருமே தவிர, உடம்பில் டி வைட்டமின் உண்டாக்கும் கதிர் வராது என்பது தெரியாது. டி இல்லாவிட்டால் தின்கிற சுண்ணாம்புச் சத்தும் உடம்பில் சேராது. ஆக, முட்டை ஓடு செய்யத் தேவையான எதுவுமே இல்லாமல் அந்தப் பறவையை முட்டையிட விட்டிருக்கிறேன். இவ்வளவுக்கும் இதற்கு வேண்டியதெல்லாம் நம் தெருவிலேயே கிடைக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கொடுப்பார்கள், சில ரூபாய்தான். அதைக் கூண்டுக் கம்பியில் கட்டிவிட்டால் வேண்டும்போது கொறித்துக்கொள்ளும். முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கழுவித் தொங்கவிடலாம். அவித்த முட்டையை ஓட்டோடு நசுக்கி வாரத்தில் இரண்டு நாள் வைக்கலாம், இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். காரட் துருவல், பிஞ்சுச் சோளம், முளைகட்டிய பாசிப்பயறு கொடுக்கலாம். தினமும் அரை மணி நேரம் பால்கனியில், பாதிக் கூண்டு நிழலில் இருக்கும்படி வைத்து இளவெயில் காட்டலாம். பெட்டி மாட்டுவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே இதைத் தொடங்கியிருக்க வேண்டும். முட்டை வந்தபிறகு ஓடுவதில் பயனில்லை.

பெட்டியை மாட்டியதும் விற்றவர் சொன்னபடியேதான் நடந்தது. மேகம் துளைக்குள் தலையை விட்டுவிட்டு வெளியே வந்து விசிலடிப்பான், இறக்கையை இதயம்போல் விரித்துக்கொண்டு துள்ளுவான். அக்டோபர் 6ஆம் தேதி முதல் முட்டை. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாக 14ஆம் தேதிக்குள் ஐந்து. பகல் முழுவதும் ஆண் அடைகாக்கும், சாயங்காலம் வெளியே வந்து பெண்ணுக்கு இடம்விடும், இரவு முழுவதும் பெண். மாலை ஆறு மணியளவில் இருவரும் ஆள் மாறுவதைப் பார்க்க நானும் மகளும் டீ டம்ளரோடு உட்கார்ந்திருப்போம். அந்த இரண்டு வாரம் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தோம்.

24ஆம் தேதி தீபாவளி. முந்தின நாள் இரவே தெருவில் வெடி. கூண்டின்மேல் போர்வையைப் போர்த்தி, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் படுத்தேன். அதைவிடத் தப்பாக ஒன்றும் செய்திருக்க முடியாது. காக்கட்டீல்களுக்கு இருட்டில் திடீர்ச் சத்தமோ அசைவோ பட்டால் பித்துப் பிடித்ததுபோல் கூண்டுக்குள் மோதிக்கொள்ளும் சுபாவம் உண்டு. கிளி இனத்தில் இவற்றுக்குத்தான் இது அதிகம். நள்ளிரவில் லட்சுமி வெடிச் சரம் ஒன்று வெடித்ததும் மல்லி பெட்டியிலிருந்து பாய்ந்து வந்து கம்பிகளில் அறைந்துகொண்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் வெள்ளை இறக்கை முழுக்க ரத்தம். வளர்ந்துகொண்டிருந்த இறகு முறிந்திருந்தது. அப்படிப்பட்ட இறகின் தண்டில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், முறிந்தால் குழாய்போல் ஒழுகும். சோளமாவை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து நிறுத்தினேன். பெட்டிக்குள் ஒரு முட்டை உடைந்திருந்தது. அன்றிலிருந்து கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜீரோ வாட் விளக்கு இரவு முழுவதும் எரிகிறது. அது இருந்தால் பறவைக்கு எங்கே நிற்கிறோம் என்று தெரியும், பயந்தாலும் கொப்பைத் தேடி உட்கார்ந்துவிடும். தீபாவளிக்குக் கூண்டை வீட்டின் உள்ளறைக்கு மாற்றி, மின்விசிறியையோ ரேடியோவையோ ஓடவிடுங்கள். பெட்டி மாட்டும் மாதத்தைக் கணக்குப் போடும்போதே தீபாவளியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மீதி நான்கில் ஒன்று கூமுட்டை. மூன்று குஞ்சுகள் அக்டோபர் 28க்கும் நவம்பர் 1க்கும் இடையில் பொரிந்தன. மஞ்சள் பஞ்சு ஒட்டிய, கண் திறக்காத, விரல்நுனி அளவு உயிர்கள். தாய் தகப்பன் இரண்டும் மாறி மாறி ஊட்டின. நான் தொந்தரவு செய்யக்கூடாது என்று பெட்டியைத் திறக்கவே இல்லை. அங்கேதான் அடுத்த சறுக்கல். பெட்டிக்குள் நான் வெறும் செய்தித்தாளை மடித்துப் போட்டிருந்தேன். வழுக்கும் தரையில் குஞ்சுக்குக் கால் ஊன்றாது, தாயும் மேலே உட்கார்ந்து அழுத்தும்போது கால் பக்கவாட்டில் விரிந்துகொண்டே போகும். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது கடைக்குட்டியின் வலது கால் தவளைக் கால்போல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பத்து நாளுக்குள் பார்த்திருந்தால் இரண்டு காலையும் சிறு பஞ்சுத் துண்டு வைத்து மெல்லிய டேப்பால் சரியான இடைவெளியில் கட்டியே நேராக்கியிருக்கலாம். எலும்பு அப்போது அவ்வளவு இளசு. மூன்று வாரத்தில் அது கெட்டியாகிவிட்டது. பெட்டிக்குள் இரண்டு அங்குலத்துக்கு மரச்சீவல் போடுங்கள், தூளாக இல்லாமல் சுருள் சுருளாக இருப்பது. தினமும் ஒருமுறை, பெற்றோர் தின்ன வெளியே வரும் நேரத்தில், உள்ளே எட்டிப்பாருங்கள். பழகிய ஜோடி அதற்காகக் குஞ்சைக் கைவிடாது.

நவம்பர் 20ஐத் தாண்டியதும் மேகம் மாறிப்போனான். குஞ்சுகளின் கழுத்திலும் முதுகிலும் புதிதாக முளைத்த இறகைப் பிடுங்க ஆரம்பித்தான். கோபம் வந்தது, அவனைத் திட்டினேன். பாவம், பெட்டி இன்னும் மாட்டியிருக்கிறது, தீனி தாராளமாக இருக்கிறது, ஹால் விளக்கு இரவு பத்து மணி வரை எரிகிறது. அடுத்த ஈட்டுக்கு, அதாவது அடுத்த தடவை முட்டையிட்டுப் பொரிக்க, காலம் வந்துவிட்டது என்று அவன் உடம்பு நினைக்கிறது, பழைய குஞ்சுகளை வெளியே துரத்தப் பார்க்கிறான். குஞ்சுகள் பெட்டியைவிட்டு வெளியே வரும் ஐந்தாவது வாரத்தை ஒட்டிப் பெட்டியைக் கழற்றிவிட வேண்டும் என்பதுதான் இதற்கு முறை. நான் பெட்டியை விட்டுவிட்டுக் குஞ்சுகளை எடுத்தேன். 24ஆம் தேதியிலிருந்து கையால் ஊட்டத் தொடங்கினேன்.

கையால் ஊட்டுவது பார்க்க அழகாக இருக்கும். பலர் அதற்காகவே குஞ்சுகளைச் சீக்கிரம் எடுக்கிறார்கள். செய்து பார்த்தவள் சொல்கிறேன், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்காமல் இறங்காதீர்கள். தீனி 39இலிருந்து 41 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கவேண்டும். குறைந்தால், தின்றது முதலில் போய்ச்சேரும் கழுத்தடிப் பையான தீனிப்பையிலேயே தங்கிப் புளித்துவிடும். 43ஐத் தாண்டினால் தீனிப்பை வெந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நான்கு டிகிரிதான். நான் தெர்மாமீட்டர் வாங்கவில்லை, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன், குழந்தைக்குப் பால் பார்ப்பதுபோல. 27ஆம் தேதி ஞாயிறு காலை தீனி ஆறிவிட்டதென்று மைக்ரோவேவில் பத்து விநாடி வைத்தேன். மைக்ரோவேவ் சீராகச் சூடாக்காது, நடுவில் எங்கேயாவது கொதிக்கும். என் புறங்கையில் விழுந்த சொட்டு இதமாக இருந்தது. மூத்த குஞ்சுக்குள் போனது அப்படி இல்லை. அன்று ஒன்றும் தெரியவில்லை. ஆறு நாள் கழித்து அதன் நெஞ்சுப் பக்கம் தோல் சிவந்து, பொருக்குக் கட்டி, ஓட்டை விழுந்து, ஊட்டிய தீனி அந்த வழியாக இறகுகளில் வழிந்தது. நான் சமையலறையில் தரையில் உட்கார்ந்து அழுதேன். மகளைப் பார்க்க விடவில்லை.

பக்கத்திலிருந்த சிகிச்சையகத்தில் நாய், மாடு பார்ப்பவர்கள்தான். களிம்பு கொடுத்தார்கள். டிசம்பர் 6ஆம் தேதி பள்ளிக்கு விடுப்பு போட்டுவிட்டு 3,500 ரூபாய்க்கு வாடகைக் கார் பிடித்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். வெந்த தோலும் பையும் ஒன்றோடொன்று ஒட்டிப் புண்ணின் ஓரம் தெளிவான பிறகுதான் வெட்டித் தைக்க முடியும், அதுவரை குஞ்சு தாங்கவேண்டும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இரண்டு நாளில் போய்விட்டது. தெர்மாமீட்டர் விலை 200 ரூபாய்க்கும் குறைவு.

இனி எழுதப்போவது எனக்கு மிகக் கஷ்டமான பகுதி. குஞ்சுகளோடு போராடிக்கொண்டிருந்த அந்த நாட்களில் நான் பெரிய கூண்டைச் சரியாகக் கவனிக்கவே இல்லை. பெட்டி அப்படியே இருந்தது. 14ஆம் தேதி மல்லி மறுபடி முட்டையிட்டது, 16ஆம் தேதி இன்னொன்று. முதல் ஈட்டு முடிந்து இரண்டு மாதம். எட்டுப் பத்து மாத உடம்பிலிருந்து ஐந்து ஓட்டுக்கான சுண்ணாம்பு ஏற்கெனவே போயிருந்தது. 18ஆம் தேதி மூன்றாவது வரவேண்டும். மார்கழி பிறந்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் மேகம் வெளியே வந்து கூப்பிடுகிறான், மல்லி பெட்டிக்குள் போகவில்லை. கூண்டின் தரையில், மூலையில், உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வால் மூச்சுக்கு மூச்சு மேலும் கீழும் ஆடியது. கால் இரண்டும் சரியாக ஊன்றவில்லை. அடிவயிறு உப்பியிருந்தது. முட்டையிடும் பருவத்தில் இருக்கும் பறவை தரையில் வந்து உட்கார்ந்தால் அதை வேறு எதுவாகவும் நினைக்காதீர்கள். முட்டை உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து உங்கள் கையில் இருப்பது சில மணி நேரம்.

ஞாயிறு மாலை. சிகிச்சையகம் பூட்டியிருந்தது. தொலைபேசியில் கிடைத்த ஒருவர், "கால்சியம் சொட்டு கொடுங்க, காலையில பாக்கலாம்" என்றார். நாமக்கல்லுக்கு அப்போதே கார் எடுத்திருக்கலாம். மறுநாள் மகளுக்குப் பரீட்சை, இரவில் அவளைத் தனியே விடமுடியாது, அங்கே இரவில் யார் இருப்பார்கள் என்றும் தெரியாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். முதல் பயணத்துக்குக் கொடுத்த 3,500 ரூபாயும் மனதில் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. பறவை வளர்க்கும் இன்னொருவர் போனில், விளக்கெண்ணெய் தடவி வயிற்றிலிருந்து மெதுவாகப் பின்பக்கமாக அழுத்தினால் வந்துவிடும், தான் பலமுறை செய்திருப்பதாகச் சொன்னார். பதினொரு மணிக்கு அதைச் செய்தேன். மெதுவாகத்தான் அழுத்தினேன். என் விரலுக்கடியில் ஏதோ அமுங்கியது. கொஞ்சம் மஞ்சள் நீரும் ரத்தமும் வந்தது. முட்டை வரவில்லை.

அழுத்தாதீர்கள். யார் எத்தனை முறை செய்திருந்தாலும் சரி, அழுத்தாதீர்கள். மறுநாள் நாமக்கல்லில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஓடு காகிதம்போல் மெலிந்திருந்தது, என் அழுத்தத்தில் உள்ளேயே நொறுங்கி, ஓட்டுச் சில்லு கருக்குழாயைக் கிழித்திருந்தது. முழு முட்டையாக வந்திருந்தால் கால்சியம் ஊசி போட்டு, சூடும் ஈரமும் கொடுத்துக் காத்திருந்து பார்த்திருப்பார்களாம். அப்படியும் வராவிட்டால் தெரியும் முட்டைக்குள் ஊசி இறக்கி உள்ளே இருப்பதை உறிஞ்சி, ஓட்டைச் சுருக்கி எடுக்கவும் வழி இருக்கிறதாம். சில்லுகளை முடிந்தவரை எடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள். திரும்பும் வழியில், முசிறி தாண்டிக் குணசீலம் வருவதற்குள், மடியில் வைத்திருந்த அட்டைப்பெட்டியில் மல்லி தலையைச் சாய்த்துவிட்டது. 82 கிராம் எடை. மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டில் அந்த எண் இருக்கிறது.

அந்த இரவில் நான் செய்திருக்க வேண்டியது இதுதான். பறவையைச் சிறிய அட்டைப்பெட்டியில் மெத்தென்ற துணிமேல் வைத்து, ஒரு பக்கம் மட்டும் 40 வாட் குண்டு பல்பால் 30 டிகிரி அளவுக்குச் சூடு கொடுத்து, பக்கத்தில் ஈரத்துண்டோ வெந்நீர்ப் பாத்திரமோ வைத்து ஈரப்பதம் கூட்டி, அதிகம் தொடாமல், உடனே கிளம்பியிருக்க வேண்டும். சூடு வலியைக் குறைக்கும், தசையைத் தளர்த்தும். சில பறவைகள் அந்தச் சூட்டிலேயே முட்டையை வெளியேற்றிவிடும். ஆனால் அது மருத்துவரிடம் போய்ச்சேரும் வரைக்கும்தான். கிளி இனத்தைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் யார், எத்தனை கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை இருப்பாரா, இரவில் போன் எடுப்பாரா என்பதை ஜோடி வாங்குவதற்கு முன்பே நேரில் போய்க் கேட்டு வையுங்கள். சென்னையில் இருந்தால் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்களுக்கு எது பக்கம் என்று பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகும் என்றால், என் கருத்தில், பெட்டியே மாட்டவேண்டாம்.

மல்லி போனபிறகு மேகம் அந்த இரண்டு முட்டைகளையும் விடவில்லை. பகலில் வழக்கம்போல் உள்ளே போய் உட்கார்ந்தான். மாலை ஆறு மணிக்கு வெளியே வந்து ஆள் மாற்றக் கூப்பிட்டான். ராத்திரி முட்டைகள் குளிர்ந்துபோயின. நான்கு நாள் இப்படிச் செய்தான். ஐந்தாம் நாள் பெட்டியைக் கழற்றினேன்.

கேட்பவர்களுக்குச் சொல்வதற்காகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். ஜோடிக்குக் கொடுத்தது 4,500 ரூபாய்தான். இரண்டு கார்ப் பயணம் மட்டும் 7,000. குஞ்சுத் தீனி, தராசு, பல்பு, சிரிஞ்ச் என்று 3,900. மற்றதெல்லாம் கூண்டும் தீனியும் மருந்தும். மூன்று குஞ்சுகளை விற்றால் கூண்டுக் காசு வந்துவிடும் என்று ஆரம்பத்தில் நான் மனக்கணக்குப் போட்டது உண்மை. அந்த ஆசை இல்லாமல் இருந்திருந்தால் முதல் ஈட்டுக்குப் பிறகாவது பெட்டியைக் கழற்றியிருப்பேன். வருடத்துக்கு இரண்டு ஈட்டுக்குமேல் எந்தக் காக்கட்டீலையும் விடக்கூடாது, அதற்கும் நடுவில் பல மாத இடைவெளி வேண்டும். நிறுத்தவேண்டும் என்றால் பெட்டியைக் கழற்றுங்கள், மாலை ஆறரை மணிக்கே கூண்டை ஜீரோ வாட் விளக்கு மட்டும் எரியும் இருட்டறைக்கு மாற்றுங்கள், அவித்த முட்டை, முளைப்பயறு போன்ற மெத்தான தீனியைக் குறையுங்கள். ஆண் இல்லாமல் தனிப் பெண் வளர்த்தாலும் முட்டையிடும். அப்போது முட்டையை எடுத்தெடுத்துப் போட்டால் ஈடுகட்ட மேலும் மேலும் இட்டுக்கொண்டே போகும். அடையிருந்து சலித்து அதுவே எழுந்திருக்கும்வரை முட்டைகளை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

வேறு சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்ஸ்டிக் தோசைக்கல் அதிகம் சூடேறினால் வரும் புகை நமக்குத் தெரியாது, ஆனால் பக்கத்து அறையில் இருக்கும் பறவையைக்கூட நிமிடங்களில் கொன்றுவிடும். நான் இரும்புக்கல்லுக்கு மாறிவிட்டேன். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுவத்தி எதுவும் கூண்டு இருக்கும் அறையில் வேண்டாம். கொசுவலைதான் நல்லது. புதிதாக ஒரு பறவை வாங்கினால் ஒரு மாதமாவது தனி அறையில், தனித் தண்ணீர்க் கிண்ணத்தோடு வையுங்கள். வீட்டில் யாருக்காவது இருமலோடு காய்ச்சல் விடாமல் இருந்தால், மருத்துவரிடம் "வீட்டில் பறவை வளர்க்கிறோம்" என்று நீங்களே சொல்லவேண்டும், அவர் கேட்கமாட்டார். கிளிக் காய்ச்சல் என்று ஒன்று பறவையிலிருந்து மனிதருக்கு வரும், அதற்குரிய மருந்து வேறு.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் உதவுவது அந்தச் சின்னத் தராசுதான். குஞ்சுக்காக வாங்கியது, ஒரு கிராம் துல்லியம். பறவைகள் நோயை மறைக்கும். வெளியே தெரியும்போது பாதி முடிந்திருக்கும். எடை மட்டும் மறைக்காது. உடம்பெடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போகவேண்டும். நவம்பரில் குஞ்சுகளை மட்டும் தினமும் நிறுத்தேன், அதே தராசில் மல்லியை ஒருநாள்கூட நிறுத்துப் பார்க்கவில்லை.

இப்போது மேகமும், நடுக்குஞ்சும், கால் விரிந்த கடைக்குட்டியும் எங்களோடு இருக்கின்றன. கடைக்குட்டிக்கு மகள் வைத்த பெயர் சிட்டு. கொப்பில் நிற்க வராததால் அதற்கு மட்டும் கூண்டின் தாழ்ந்த பக்கத்தில் தட்டையான பலகை, மேலே துணி சுற்றி, பாதத்தில் புண் வராமலிருக்கத் தினமும் மாற்றுகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றையும் நிறுத்து நோட்டில் எழுதுவது மகளின் பொறுப்பு. இந்த வாரம் மேகம் 94, நடுக்குஞ்சு 90. சிட்டு போன வாரத்தைவிட இரண்டு கிராம் கூடி 87.